வெண்ணெய்க்காரி மெட்டு

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பெல்ஜியம் எல்லையோரக் கொமீன் ஊர்ச் சதுக்கத்தில் இருக்கும் தன் கடையில், அஷீல் தெல்பெக் ஒரு கூடை உருளைக்கிழங்கைக் கருக்கிவிட்டார். தொழில் தொடங்கிய நாளிலிருந்து நாற்பத்தாறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. வரிசையில் நின்ற ஒன்பது பேரும் மாதா கோயில் சிலை தும்மினதைக் கேட்டவர்கள் மாதிரி நின்றார்கள்.

"என்னய்யா, பிசாசு கண்ட மாதிரி நிக்கிற? கருகுது பாரு!" என்று கல்லாவில் இருந்த மரீஸ் கத்தினாள். அவர் பெண்டாட்டி.

அஷீல் காதில் விழவில்லை. அவர் காது முழுக்க ரேடியோவில் இருந்தது.

அஷீல் பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். பள்ளிக்கூடத்தில் தனக்குக் கற்றுக்கொடுக்க ஒன்றும் மிச்சமில்லாததால் விட்டேன் என்று அவரே சொல்வார். ஒரு தள்ளுவண்டி, ஒரு இரும்புச் சட்டி, மாட்டுக் கொழுப்பு, இவ்வளவுதான் கைமுதல். அதை வைத்து மூன்று கடை எழுப்பினார். முதல் பொரிப்பு இளம் சூட்டில், பிறகு ஆறவிட வேண்டும், இரண்டாம் பொரிப்பு கொதிக்கிற கொழுப்பில். எவ்வளவு நேரம் ஆறவிடுவது என்பதில்தான் ஆள் தேறுகிறான், விழுகிறான். பல்கலைக்கழகம் போன எவனும் அதைக் கண்டுபிடித்ததாகச் சரித்திரம் இல்லை. லீல் நகரத்து வக்கீல்கள் கார் எடுத்துக்கொண்டு வந்து மழையில் நின்று வாங்கிப் போகிறார்கள்.

அன்றைக்கு ரேடியோவில் பேட்டி. கேள்வி கேட்டவனுக்குத் தேனில் ஊறின குரல்.

"சொல்லுங்க ஆவா. உங்க பாட்டுக்குள்ள யாரெல்லாம் இருக்காங்க? யாருடைய பாதிப்பு?"

ஒரு பெருமூச்சு கேட்டது. அதற்கப்புறம்தான் பதில் வந்தது. "கறுப்பு உடுப்புப் போட்டு பியானோ முன்னாடி உட்கார்ந்து பாடுவாங்களே, அந்தக் காலத்துப் பெரிய பாடகிகள்... அப்புறம் லிஸ்பன் துறைமுகத்துச் சோகப் பாட்டு. கொஞ்சம் பிரேசில். ஜெர்மன் தேவாலய இசை. ஐஸ்லாந்துல செல்லோ வாசிக்கிற ஒருத்தர் இருக்கார். அப்புறம், மௌனம். மௌனம்கூட எனக்கு ஒரு குருதான்."

"ஆஹா!" என்றான் தேன் குரலன்.

"ஐஸ்லாந்தாம்!" என்று அஷீல் வரிசையைப் பார்த்துச் சிரித்தார். "டிரைவிங் ஸ்கூல் வச்சிருந்தானே கார்பாந்தியேன்னு ஒருத்தன், அவன் மக லுதிவீன் இவ. இவ அப்பன் கார் லீலைத் தாண்டிப் போனதில்ல. இவளுக்கு ஐஸ்லாந்து!"

பாரிஸுக்குப் போனதும் அவள் பெயரையே மாற்றிக்கொண்டாள். ஆவா லீஸ். லீஸ் என்றால் பாரிஸ்காரனுக்கு அல்லிப்பூ ஞாபகம் வருமாம். கொமீன்காரனுக்கு வருவது அதே பெயரில் ஊருக்கு நடுவே ஓடுகிற ஆறு. சாயப்பட்டறைகள் இருந்த காலத்தில் அது திங்கட்கிழமை சிவப்பாகவும் வியாழக்கிழமை நீலமாகவும் ஓடும், நாற்றம் மட்டும் ஏழு நாளும் ஒன்றே. அந்தப் பெயரை எடுத்துச் சென்ட் மாதிரி பூசிக்கொண்டு ஒருத்தி ரேடியோவில் மௌனத்தைப் பற்றிப் பேசுகிறாள், மூச்சு விடாமல்.

பிறகு பாட்டைப் போட்டார்கள். ஏதோ ஒரு பெண், ஏதோ ஒரு ஜன்னல், தண்ணீர் மேல் வெளிச்சம், அவன் வரவில்லை. வராதது அவன் செய்த புண்ணியம் என்று அஷீல் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, மூன்றாவது சுரத்தில் அவர் கை நின்றுபோனது.

மெட்டு அவருடையது.

இரண்டு தட்டு தடதடவென்று ஓடும். மூன்றாவது தட்டில் விழப்போகிற ஆள் மாதிரி ஒரு நிமிஷம் தொங்கி நிற்கும். பிறகு பொத்தென்று விழும். உலகத்தில் அப்படி ஒரு மெட்டுதான் உண்டு, அது அவர் தலையில் பிறந்தது. பாட்டு முடிந்ததும் தேன் குரலன் உருகினான்: "அந்த மூணாவது தட்டுல ஒரு தயக்கம் வருதே, ஆவா! என்ன ஒரு ஏக்கம்! லிஸ்பன் கடற்கரை கண்ணு முன்னாடி வருது."

அப்போதுதான் உருளைக்கிழங்கு கருகியது.

*

கொமீனில் 'ஈர மீசைகள்' என்று ஒரு பாட்டுச் சங்கம் உண்டு. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, நதேஜ் நடத்தும் பீர்க் கடையின் பின்னறையில் கூடுவார்கள். கசாப்புக்காரன், தபால்காரன், பல் வைத்தியன், யாராக இருந்தாலும் ஒரு பாட்டோடு வர வேண்டும். சொற்கள் சொந்தமாக இருக்க வேண்டும். மெட்டு சொந்தமாக இருக்கவே கூடாது. ஊருக்கெல்லாம் தெரிந்த பழைய மெட்டை எடுத்து அதற்கு மேல் புதுச் சொற்களை ஏற்ற வேண்டும், அப்போதுதான் இரண்டாம் அடியிலேயே எல்லோரும் சேர்ந்து பாட முடியும். நூற்று முப்பது வருஷமாக அதுதான் சட்டம். சொந்த மெட்டோடு வருகிறவன் தலைக்கனம் பிடித்தவன். அவனுக்கு ஒரே தண்டனை: ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அன்றைக்கு எல்லோரும் குடித்த கண்ணாடி டம்ளர்களை அவன் கழுவ வேண்டும். எல்லோரும் சுற்றி நின்று பாடிக்கொண்டே வேடிக்கை பார்ப்பார்கள். ஒவ்வொரு டம்ளரையும் விளக்கில் தூக்கிப் பார்ப்பார்கள். கறை இருந்தால் திரும்பத் தொட்டிக்கு.

இருபத்திரண்டு வருஷமாகத் தலைவர் அஷீல்தான். தலைவராகாத நாளிலேயே சட்டத்தை அவர்தான் காப்பாற்றி வந்தார். தொண்ணூற்றாறில், பள்ளிக்கூட வாத்தியான் ரெமி வாண்டாம், பிள்ளைகளுக்குப் புல்லாங்குழல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவன், தானே ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். தாள் ஒன்றில் புள்ளி புள்ளியாக எழுதிக்கொண்டு வேறு வந்தான். பசித்த பூனை படிக்கட்டு ஏறுகிற மாதிரி ஒரு மெட்டு. முதல் ஆளாக எழுந்து "டம்ளர்!" என்று கத்தியவர் அஷீல். அன்றைக்கு வாண்டாம் எழுபத்து நான்கு டம்ளர் கழுவினான். அதில் ஆறை உதட்டுச் சாயம் இருக்கிறதென்று அஷீல் திருப்பி அனுப்பினார். இரண்டில் உண்மையிலேயே இருந்தது.

அந்த அஷீலின் சங்கதி ஒருத்தருக்கும் தெரியாது.

எண்பத்தொன்றாம் வருஷக் குளிர்காலம். அவர் சங்கத்தில் சேர்ந்து நான்கே மாதம். வண்டிக்காரன், உருளைக்கிழங்கு நாற்றம், கையெழுத்துப் போட்டால் கோழி கிளறின மாதிரி இருக்கும். அந்த வருஷம் அவருக்கு ஒரு பாட்டு வந்தது. பெல்ஜியம் எல்லையிலிருந்து சட்டைக்குள் வெண்ணெய் கடத்திவரும் ஒருத்தி; சந்தேகப்பட்ட சுங்கக்காரன் அவளை மரியாதையாக உட்காரவைத்து, நாற்காலியை அடுப்புப் பக்கம் இழுத்து இழுத்துப் போடுகிறான்; வெண்ணெய் உருகி எங்கெல்லாம் ஓடுகிறது என்பது மிச்சம். ஏழு சரணம். ஏழாவதைக் கேட்டுப் பாதிரியார் எழுந்து போனார், மறுநாள் ஆள் அனுப்பி எழுதி வாங்கிக்கொண்டார்.

சொற்களோடு மெட்டும் வந்துவிட்டதுதான் வினை. "என் மெட்டு" என்று சொல்லியிருந்தால், வண்டிக்காரனுக்குத் தலைக்கனத்தைப் பார் என்று சிரித்துத் தொட்டியில் நிறுத்தியிருப்பார்கள். அதனால், "இது எல்லைப்புறத்துக் கடத்தல்காரங்க சீட்டியடிச்ச பழைய மெட்டு" என்று சொல்லிவிட்டார். சங்கத்துப் பதிவேட்டில் தன் கையாலேயே எழுதினார்: 'மெட்டு: பழையது. யாருடையது என்று தெரியாது.' மெட்டுக்கு இரண்டாம் பகுதியும் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் புதுச் சரக்கு என்று வாசனை அடித்துவிடும் என்று பயந்து அதை வாயைவிட்டு வெளியே விடவே இல்லை.

அதற்குப் பிறகு அந்த மெட்டு ஊரைப் பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் பதினோரு பேர் பாட்டுக் கட்டினார்கள். கல்யாணத்தில் பாடினார்கள், தபால்காரன் சவ அடக்கத்தில் பாடினார்கள். தொண்ணூற்றொன்பதில் பல்கலைக்கழகத்திலிருந்து தாடி வைத்த ஒருவன் டேப் ரிக்கார்டரோடு வந்து, எல்லாரையும் பாடவைத்து, 'பதினெட்டாம் நூற்றாண்டுக் கடத்தல்காரர் பாடல்' என்று புத்தகமே போட்டுவிட்டான். படிப்பு என்றால் அதுதான். மெட்டுப் போட்டவன் எதிரே நின்று மயோனைஸ் வேண்டுமா என்று கேட்கிறான், இவன் அவனை இருநூறு வருஷத்துக்கு முன்னால் புதைத்துவிட்டுப் போகிறான்.

*

மூன்று மணிக்குக் கூட்டம் ஓய்ந்ததும் அஷீல் சொல்லிவிட்டார்.

"மரீஸ். அந்த மெட்டு என்னோடது."

"எது?"

"வெண்ணெய்க்காரி."

"அது பழசுல்ல? புஸ்தகத்துலயே போட்டிருக்கான்."

"புஸ்தகம் போட்டவன் மடையன். நான் சொன்னதைப் போட்டான். நான் சொன்னது பொய்."

மரீஸ் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உப்பு டப்பாவைத் தட்டிவிட்டுச் சிரித்தாள்.

"வாத்தியாரைக் கழுவ வச்சியே! உதட்டுச் சாயம்னு ஆறு டம்ளரைத் திருப்பி அனுப்பினியே! அட பாவி மனுசா, நாப்பத்து மூணு வருசமா எங்கிட்டகூட மூச்சு விடலியே!"

"சிரிக்காத. அந்தக் கழுதை திருடிட்டா."

"யாருதுன்னே தெரியாததை எப்படித் திருடுறது? போய்ச் சொல்லு, என்னோடதுன்னு. சொல்லிட்டு டம்ளரைக் கழுவு."

"நானா? வாண்டாம் முன்னாடியா? அதுக்கு நான் பச்சைக் கிழங்கைத் தின்னுட்டுச் சாவேன்."

"அப்ப வாயை மூடிக்கிட்டு ரேடியோவைக் கேளு."

ஆவா லீஸ் அந்தச் சனிக்கிழமை கொமீனுக்கே வருகிறாள் என்று ஊரெல்லாம் சுவரொட்டி. நகராட்சி மண்டபத்தில் கச்சேரி. முதல் இரண்டு வரிசை ஈர மீசைகளுக்கு என்று ஒதுக்கியிருந்தது. சங்கத்துக்குக் கௌரவமாம். அஷீல் யோசித்தார். தான் ஒன்றையும் ஒப்புக்கொள்ளாமல், அவளைத் திருடி என்று ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். மூன்று கடை எழுப்பினவனுக்கு இது பெரிய வேலையா?

*

சனிக்கிழமை நான்கு மணிக்கு, ஒத்திகை நேரத்தில், நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். மேடையில் மெலிந்த பையன் ஒருத்தன், பெரிய வயலின் மாதிரி இருந்த செல்லோவைக் கட்டிக்கொண்டு, தலைவலி வந்தவன் மாதிரி கண்ணை மூடியிருந்தான். ஆவா லீஸ் வெறுங்காலோடு நின்றாள். முப்பத்து நான்கு வயது. கழுத்தில் சுற்றியிருந்த துணியில் ஒரு குடும்பமே படுக்கலாம். ஓரத்தில் வாத்தியான் வாண்டாம், கச்சேரி நிகழ்ச்சித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எழுதியதே தான்தான் என்ற பெருமையில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"மிசியே தெல்பெக்!" மிசியே என்று மரியாதை வைத்துக் கூப்பிட்டபடியே அவள் இறங்கி ஓடிவந்து இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள். "நீங்க வருவீங்கன்னு நினைக்கவே இல்ல. கடை யாரு பாத்துக்கிறாங்க?"

"கடை தன்னைத்தானே பாத்துக்கும். ஏ பொண்ணே, உன் பாட்டைக் கேட்டேன் ரேடியோவுல. ஜன்னல் பாட்டு."

"பிடிச்சுதா?"

"பிடிக்குது பிடிக்கல, அது வேற. மெட்டு எங்கேருந்து எடுத்த?"

அவள் முகம் மலர்ந்தது. அதை அஷீல் எதிர்பார்க்கவில்லை.

"கண்டுபிடிச்சிட்டீங்களா! வெண்ணெய்க்காரிதான். எனக்கு ஏழு வயசு. உங்க சங்கத்துக்கு வருசத்துக்கு ஒரு விருந்து வருமே, அதுக்கு அப்பா கூட்டிட்டுப் போனாரு. நான் மேசைக்கு அடியில உட்கார்ந்திருந்தேன், உங்க எல்லாருடைய பூட்ஸுக்கும் நடுவுல. அறுபது ஜோடிக் காலு ஒண்ணா மூணாவது தட்டுல நிக்கும், அப்புறம் தரையில விழும். என் வயித்துக்குள்ள விழுந்த மாதிரி இருந்துச்சு. நான் பாட்டுக்காரி ஆனது அன்னிக்குத்தான்."

"அப்ப ரேடியோவுல ஏன் ஐஸ்லாந்து, பிரேசில்னு அளந்த?"

அவள் துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இதையும்தான் சொன்னேன். வெட்டிட்டாங்க. மத்தது கம்பெனி எழுதிக்கொடுத்த பட்டியல். வெண்ணெய், பூட்ஸு எல்லாம் பாரிஸ்ல எடுபடாதாம்."

"எழுதிக்கொடுத்ததைப் படிச்சியா? உனக்கு வாய் இல்ல?"

"இருந்துச்சு. ஆனா முதல் ஆல்பம், மிசியே தெல்பெக். பயந்தேன்."

அந்தச் சொல்லை எண்பத்தொன்றிலிருந்தே அவருக்கும் தெரியும். ஆனாலும் விடுகிற ஆளா அவர்? "எடுத்தது எடுத்ததுதான். அடுத்தவன் பொருளை..."

"யாரு அந்த அடுத்தவன்?" அவள் கைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். சங்கத்துப் பதிவேடு. கோழி கிளறின கையெழுத்து. "மூணு மாசம் தேடினேன். மிசியே வாண்டாம்தான் இதைக் காட்டினாரு. இது உங்க கையெழுத்துதானே? 'யாருடையது என்று தெரியாது.' தெரிஞ்சிருந்தா அவர் பேரை என் பேருக்கு மேல போட்டிருப்பேன். ஆல்பத்தோட அடுத்த பதிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகுது. உங்களுக்கு யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க, இன்னிக்கு மேடையிலயே சொல்லிடுறேன்."

வாண்டாம் பக்கத்தில் வந்து நின்றான். "தலைவருக்குத் தெரியாமலா? இந்த மெட்டைச் சங்கத்துக்குக் கொண்டுவந்ததே அவர்தான். ஏன் தலைவரே, வேற யாராச்சும் போட்ட மெட்டா இருக்குமோ?" அவன் கேட்ட விதத்தில் ஒரு சூதும் இல்லை. அதுதான் அஷீலுக்கு இன்னும் எரிந்தது.

"பழசுதான்," என்றார் அஷீல். "ரொம்பப் பழசு."

"அதுல ஒரு குறை," என்றாள் அவள். "பாதியில நிக்குது. ரெண்டாவது பகுதி ஒண்ணு இருந்திருக்கணும், தொலஞ்சு போச்சு போல. அந்த இடத்தைச் செல்லோவால நிரப்பியிருக்கோம்."

பையன் நிரப்பிக் காட்டினான். சாணை பிடிக்கத் தெரியாதவன் கத்தி தீட்டுகிற மாதிரி இருந்தது. அஷீல் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

*

மாலை ஏழு மணிக்கு மண்டபம் நிறைந்தது. லீலிலிருந்தும் வந்திருந்தார்கள், தாடையைத் தடவிக்கொண்டு பேசுகிற ஆட்கள். முதல் வரிசையில் அஷீல், பக்கத்தில் மரீஸ், அந்தப் பக்கம் வாண்டாம்.

ஆவா லீஸ் பாடினாள். சிகரெட் புகையைப் பற்றி ஒன்று, இவள் வாழ்நாளில் சிகரெட் பிடித்தவள் இல்லை. ரயில் நிலையத்தைப் பற்றி ஒன்று. லிஸ்பனைப் பற்றி ஒன்று, அதில் மீன் வாசனைகூட இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் இடையில் தன் குருவான மௌனத்தைக் கொஞ்சம் கொடுத்தாள். லீல்காரர்கள் அதற்கும் தலையாட்டினார்கள். அஷீல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குரல் நல்ல குரல், அதை அவர் மறுக்க மாட்டார். நல்ல கிழங்கை வாங்கி வெந்நீரில் அவிக்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள்.

கடைசியில் அவள் மேடை நுனிக்கு வந்தாள்.

"என் பாட்டுல யாருடைய பாதிப்புன்னு எல்லாரும் கேக்கிறாங்க. ரேடியோவுல ஒரு பட்டியல் சொன்னேன். அது பொய். என் பாட்டெல்லாம் பிறந்தது இந்த ஊர்ல ஒரு மேசைக்கு அடியில. இப்ப பாடப்போற மெட்டு உங்களுடையது. இருநூறு வருசத்துக்கு முன்னாடி யாரோ ஒரு கடத்தல்காரன், பேர் தெரியாதவன், செத்து மண்ணாப் போனவன், போட்டது. அவனுக்கு ஒரு கைதட்டல் கொடுங்க."

மண்டபம் அதிர்ந்தது. ஈர மீசைகள் எழுந்து நின்றே தட்டினார்கள். வாண்டாம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பின்வரிசையில் காலால் தரையைத் தட்டினார்கள். அவ்வளவு பெரிய கைதட்டல் கொமீன் மண்டபத்தில் அதுவரை கேட்டதில்லை. நடந்ததெல்லாம் ஒரு பிணத்துக்கு. இல்லவே இல்லாத ஒரு பிணத்துக்கு.

அஷீல் அரை நிமிஷம் பொறுத்தார். ஆனால் நாற்பத்து மூன்று வருஷம் பொறுத்ததைவிட அந்த அரை நிமிஷம் கனத்தது. தன் வாழ்க்கையில் வாங்கின எல்லாவற்றையும் தானே உழைத்து வாங்கினவர் அவர். இந்த ஒன்றை மட்டும் செத்தவன் வாங்கிக்கொண்டு போவதா?

எழுந்தார்.

"செத்தவன் நான்தான்!"

கைதட்டல் அங்கங்கே நின்றது. யாரோ சிரித்தார்கள்.

"உக்காருய்யா," என்று மரீஸ் கோட்டை இழுத்தாள், ஆனால் பலமாக இழுக்கவில்லை.

"நான்தான் போட்டேன்! எண்பத்தொண்ணுல! என் வண்டியில, என் கிழங்குக்கு நடுவுல! எந்தக் கடத்தல்காரனும் போடல!"

"தலைவரே," என்றான் வாண்டாம் மெதுவாக, "பதிவேட்டுல..."

"பதிவேட்டுல பொய் எழுதினேன்!"

மண்டபம் அமைதியானது. அன்றைய கச்சேரியில் அதுதான் முதல் உண்மையான மௌனம்.

"சும்மா சொல்லிட்டா ஆச்சா?" என்று கசாப்புக்காரன் பின்னாலிருந்து குரல் கொடுத்தான். "இன்னிக்கு இவ பிரபலமாயிட்டா, அதனால உனக்கு ஆசை வந்துடுச்சு. நிரூபி!"

"நிரூபிக்கிறேன்டா. காதைத் தீட்டிக்க."

அவர் இரண்டாம் பகுதியைப் பாடினார். நாற்பத்து மூன்று வருஷமாகக் குளிக்கும்போதுகூட வாய்விட்டுப் பாடாததை. குரல் கரகரத்தது, முதல் அடியில் பிசிறியது. ஆனால் மெட்டு, கீழே விழுந்த இடத்திலிருந்து தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து, படிப்படியாக ஏறி, முதல் பகுதி எந்தக் கதவில் நின்றதோ அதே கதவில் வந்து தட்டியது. பூட்டும் சாவியும் போல. ஆவா லீஸ் அந்தக் கதவைத் திறந்து முதல் பகுதியைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னல், தண்ணீர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வெண்ணெய்க்காரியின் பழைய சொற்களையே பாடினாள். இரண்டாம் அடியில் கொமீன் முழுக்கச் சேர்ந்துகொண்டது. லீல்காரர்கள் ஏழாவது சரணத்தில் முகம் சிவந்தார்கள். செல்லோப் பையன் வில்லை மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் அன்றைக்குச் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

பாட்டு முடிந்தது. கைதட்டல் அஷீலுக்கு, உயிரோடு இருக்கிற அஷீலுக்கு, வந்தது. அவர் அதை நின்றபடியே, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கடைசித் துளிவரை வாங்கிக்கொண்டார்.

அது ஓய்ந்தபோது வாண்டாம் எழுந்தான். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டான். இருபத்தெட்டு வருஷமாக அந்த நிமிஷத்துக்குக் கண்ணாடியைத் துடைத்து வைத்திருந்தவன் போல இருந்தது.

"மெட்டு அருமை தலைவரே. சொந்த மெட்டு, இல்லையா?"

"சொந்தம்தான்."

"சங்கத்துச் சட்டம் என்ன சொல்லுது?"

இரண்டு வரிசை ஈர மீசைகளும் ஒரே தொண்டையாகக் கத்தினார்கள்: "டம்ளர்!"

*

மண்டபத்தில் நகராட்சி கொடுத்தது பிளாஸ்டிக் குவளை. "பிளாஸ்டிக்கை நான் கழுவ மாட்டேன், சட்டத்துல கண்ணாடின்னு இருக்கு," என்றார் அஷீல். தப்பிக்க வழி கண்டுபிடித்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? கூட்டம் மொத்தமும் எழுந்து நதேஜின் பீர்க் கடைக்குப் போனது. அங்கே கண்ணாடிக்குப் பஞ்சமில்லை. நதேஜ் பரணில் இருந்த விருந்து டம்ளர்களையும் இறக்கினாள். லீல்காரர்கள்கூடக் குடித்தார்கள், கச்சேரியைவிட அதிகக் கவனத்தோடு.

அஷீல் நல்ல கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஏப்ரனைக் கட்டினார். கழுவுவதிலும் அவர் மாதிரி எவனும் கழுவ முடியாது என்பதைக் காட்டத் தொடங்கினார். சூடான தண்ணீர், குளிர்ந்த தண்ணீர், ஒரு சுழற்று, ஒரு உதறு.

"இதைப் பாருங்கடா. கழுவுறதுன்னா இதான். தொண்ணூத்தாறுல ஒருத்தன் கழுவினானே, டம்ளரைக் குளிப்பாட்டித் தூங்க வச்சான்."

வாண்டாம் ஒரு டம்ளரை விளக்கில் தூக்கிப் பார்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தலைவரே. உதட்டுச் சாயம்."

"எங்க? உன் கண்ணாடியில அழுக்கு!"

"திரும்பத் தொட்டிக்கு," என்றான் வாண்டாம், அன்பாக.

ஆவா லீஸ் துணியை அவிழ்த்து எங்கோ எறிந்துவிட்டு, கையில் பீரோடு தொட்டிப் பக்கம் சாய்ந்து நின்றாள். "திங்கட்கிழமை அச்சுல உங்க பேரு வரும். ஒண்ணு கேக்கட்டுமா? எனக்கு ஒரு மேசை இருந்துச்சு. உங்களுக்கு? அந்த மெட்டுல யாருடைய பாதிப்பு?"

அஷீல் நிமிர்ந்தார். சோப்பு நுரை முழங்கைவரை இருந்தது.

"பாதிப்பா? அதெல்லாம் உங்களை மாதிரி ஆளுங்களுக்கு. யாரும் இல்ல. பள்ளிக்கூடம் இல்ல, பியானோ இல்ல, ஐஸ்லாந்தும் இல்ல. நான். என் தலை. அந்த மூணாவது தட்டுல தொங்கி நிக்குது பாரு, அதை எவன் சொல்லிக்கொடுத்தான்? தானா வந்துச்சு. அது எங்கிட்ட மட்டும்..."

"தானா வந்துச்சா?" என்றாள் மரீஸ்.

அவள் கதவோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"எண்பத்தொண்ணு குளிர்காலம். வண்டிக்குள்ள நீ தோலு சீவின. கிழங்கு வெட்டுற கருவியில கைப்பிடியை இழுத்தது யாரு?"

அஷீல் கையில் டம்ளர் நின்றது.

"சின்னக் கிழங்கு ரெண்டு டக்கு டக்குனு போயிடும். மூணாவதுக்கு நீ எப்பவும் பெருசா ஒண்ணை எடுத்துப் போடுவ. கைப்பிடி பாதியில நின்னுடும். நான் ஏறித் தொங்குவேன், வயித்துல புள்ளையோட. அப்புறம்தான் பொத்துனு விழும். நாள் முழுக்க. நீ எதுத்தாப்புல உக்காந்துக்கிட்டு உதட்டுக்குள்ள சீட்டி அடிச்சுக்கிட்டிருந்த. ஏக்கமாம், லிஸ்பனாம். என் தோள்பட்டை இன்னும் வலிக்குது."

கசாப்புக்காரன் மேசையில் விரலால் தட்டிப் பார்த்தான். டக், டக், நின்று, பொத். மறுபடி தட்டினான். பல் வைத்தியனும் தட்டினான். அறை முழுக்கத் தட்டிப் பார்த்தது.

"தாளம் வேற, மெட்டு வேற," என்றார் அஷீல். அவர் குரலை அவரே நம்பவில்லை.

"பேரு ரெண்டாப் போடணுமா?" என்று ஆவா லீஸ் மரீஸைப் பார்த்துக் கேட்டாள்.

"போடு, போடாம போ."

"அப்ப மரீஸும் கழுவணும்!" என்று கசாப்புக்காரன் கத்தினான். "சட்டம்னா சட்டம்!"

மரீஸ் அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள்.

"நான் கல்யாணம் ஆன நாள்லேருந்து கழுவிட்டுத்தான்டா இருக்கேன்."

அஷீல் அடுத்த டம்ளரை எடுத்துத் தண்ணீரில் முக்கினார். நன்றாகவே கழுவினார், இரண்டு தடவை. வாண்டாம் அதை விளக்கில் தூக்கிப் பார்த்துவிட்டு மரீஸிடம் நீட்டினான். அவள் பார்த்தாள். திரும்பத் தொட்டிக்கு அனுப்பினாள்.